தரையோடு கூட்டிய நெல்

என் மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். "மோர்க்குழம்பு பிடிக்கல போலருக்கு" என்று உன் அம்மா சமாளித்தாள். மோர்க்குழம்பு நன்றாகத்தான் இருந்தது. நீ கேட்டது இதுதான்: "அப்பா, வாரண்டுல சீஸ்னு வருதுல்ல, அதுக்குத் தமிழ்ல என்னா எழுதுறது? கைப்பற்றுதல்னா பேப்பர்ல போடுற மாதிரி இருக்கு. பறிமுதல்னா போலீஸ் வார்த்தை. ஜப்தின்னா இப்ப யாருக்குப் புரியுது? முப்பது வருஷமா அந்த வார்த்தையத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவரு நீங்கதான். சொல்லுங்க." நீ சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

வரும் திங்கட்கிழமை நீ முன்சீப்பாகப் பொறுப்பு ஏற்கிறாய். சிவில் நீதிபதி என்று சொல்ல வேண்டுமாம். என் வாயில் முன்சீப்தான் வருகிறது. உன் அம்மா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்துவிட்டு வந்து, அந்தக் கறுப்பு அங்கியை மூன்றாவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் அதே மாதிரி ஒரு கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே ஆசனத்தில் இருப்பவர் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், அடுத்தவன் வீட்டு வாசலில் நிற்பவன் அமீனா. இனி நீ போடும் கையெழுத்தை என்னைப் போல ஒருவன் எடுத்துக்கொண்டு போவான். அவன் உன் அறைக்குள் வந்தால் நின்றுகொண்டுதான் பேசுவான், நானும் அப்படித்தான் நின்றேன். அவன் அங்கே போய் என்ன செய்கிறான் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் அது இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அமீனாக்களுக்கெல்லாம் தலைவரான நாசர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், முரட்டு மனுஷன், ஆனால் இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். தன் பேனாவை என் கையில் கொடுத்து, "இறுக்கிப் புடி, விடாத" என்றார். நான் பிடித்தேன். ஒரே முறுக்காக முறுக்கி அதை உருவினார். நிப்பு கிழித்து என் உள்ளங்கையில் ரத்தம் வந்தது. "இதாம்ப்பா சீஸ்" என்றார். "நீ நீட்டி நான் வாங்கிக்கிட்டா அது வேற வார்த்தை. கீழ கெடந்து எடுத்தா அது வேற. அவன் விடாமப் புடிச்சிக்கிட்டு இருக்கணும், நாம எடுக்கணும். அதுக்குத்தான் இந்த வார்த்தை. இது வாரண்டுல இருந்தா நீ கெஞ்ச வேண்டியதில்ல." சொல்லிவிட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொள்ளத் தன் துண்டையே கொடுத்தார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? என் அப்பா யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியே பழகியவர். நான் கேட்காமல் எடுக்கலாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது.

அப்படித்தான் எடுத்தேன். ஈன்று ஒன்பது நாள் ஆன பசுவை அவிழ்த்தபோது அந்த வீட்டுக்காரி மிளகாய்த் தூளை அள்ளி என் கண்ணில் வீசினாள். கண்ணை மூடிக்கொண்டே கயிற்றை இழுத்தேன், கன்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது. ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை என்று நிலையோடு பெயர்த்தோம். உள்ளே ஒரு கிழவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவரைக் கட்டிலோடு தூக்கி வாசலில் வைத்தோம். குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒருத்தன் நட்டு மூன்று நாளான வயலில், வழக்கில் ஜெயித்தவனுக்கு நிலத்தைச் சுவாதீனம் கொடுக்கிறேன் என்று தமுக்கு அடித்துக்கொண்டு பத்துப் பேரை இறக்கி நாற்றை மிதிக்கவிட்டேன். அவன் சேற்றிலேயே உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டுச் சாப்பிட்டேன், சோறு இறங்கியது. உன்னிடமே அந்த வார்த்தையை விளையாட்டாகச் சொல்லியிருக்கிறேன். உனக்கு நாலு வயது இருக்கும்போது, "உன் பொம்மையை சீஸ் பண்ணப்போறேன்" என்று வருவேன். நீ அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாரண்டு இருக்காப்பா?" என்று கேட்பாய். நானும் உன் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

என் தோள்பட்டையில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதில் நீ சின்ன வயதில் விரலை விட்டுப் பார்ப்பாய். ஆடிப்பெருக்கு அன்று கூட்டத்தில் ஆற்றைக் காட்ட உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வேன். நீ ஆற்றைப் பார்க்காமல் அந்தப் பள்ளத்தையே நோண்டிக்கொண்டிருப்பாய். மாடு முட்டியது என்று சொல்லி வைத்திருந்தேன். அது மாடு முட்டியது இல்லை, தங்கம்.

அதைச் சொல்வதற்கு முன்னால் களவடி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். உன் தலைமுறைக்கு அந்தச் சொல் தெரியாது, அறுவடை மிஷின் வந்து களத்தையே இல்லாமல் செய்துவிட்டது. அறுத்துக் கட்டி, களத்தில் அடித்து, தூற்றி, அளந்து, மூட்டை கட்டி முடிந்த பிறகு, தரையோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் நெல் கிடக்கும். மண்ணும் பதரும் சாணிப் பொருக்கும் கலந்திருக்கும். அதுதான் களவடி. அது நிலத்துக்காரனுக்குச் சொந்தம் இல்லை, குத்தகைக்காரனுக்கும் இல்லை. அந்தக் களத்தில் பாடுபட்ட பண்ணையாளுக்கு. எந்தக் காகிதத்திலும் அப்படி எழுதி யாரும் எனக்குக் காட்டியதில்லை, ஆனால் எவனும் மீறியதில்லை. மூட்டை கட்டி முடிந்ததும் மிராசுதார் குடையை விரித்துக்கொண்டு களத்துக்கு முதுகைத் திருப்பி நடக்க ஆரம்பித்துவிடுவார். எவ்வளவு கஞ்சனாக இருந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் வரப்பு ஏறியதும் பெண்கள் துடைப்பத்தோடு இறங்குவார்கள். என் அப்பா பண்ணையாள். என் அம்மா கூட்டி, முறத்தில் புடைத்து, வாய்க்காலில் அலசிக் கொண்டுவந்த களவடி நெல்லில்தான் எங்கள் வீட்டில் தை மாதம் மூன்று வேளையும் சோறு. பல்லில் மணல் நறநறவென்று கடிபடும். அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, பொங்கல் கழிந்த வாரம், ஒரு வாரண்டு வந்தது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். காலம் எப்படிப்பட்ட காலம் என்று உனக்குத் தெரியும். உழுகிறவனுக்குப் பாதுகாப்பு என்று சட்டம் வந்திருந்தது. குத்தகைக்காரர்கள் பதிவு கேட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள். மிராசுதார்கள் பதிவாகாமல் தடுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியது. இந்த மிராசுதார் ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக் கரையையும் மாற்றிக்கொள்கிறவர். தன் குத்தகைக்காரன் குத்தகைக்காரனே இல்லை, அத்துமீறி நிலத்தில் இறங்கியவன் என்று அவர் வழக்குப் போட்டிருந்தார். வழக்கு முடியும்வரை அந்த போகத்து நெல்லைக் களத்திலேயே கைப்பற்றி கோர்ட் பொறுப்பில் கிட்டங்கியில் வைக்க வேண்டும் என்று உத்தரவு. வாரண்டில் சீஸ் என்று இருந்தது. களத்தில் உள்ள நெல் முழுவதையும் என்று இருந்தது.

நாகூரிலிருந்து ஒரு பாயின் லாரியை அமர்த்திக்கொண்டு, வெளியூர்க் கூலியாட்கள் ஆறு பேரையும் இரண்டு கான்ஸ்டபிள்களையும் ஏற்றிக்கொண்டு போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடித்து முடித்து நெல்லைக் குவித்திருந்தார்கள். குத்தகைக்காரர் வாரண்டைப் பார்த்தார், போலீசைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கோர்ட்டுல பாத்துக்கிறேன்" என்று போய்விட்டார். அவருக்கு வக்கீல் இருந்தார். மதியத்துக்குள் அளந்து, மூட்டை பிடித்து, லாரியில் ஏற்றியாகிவிட்டது. ஒரு கைகலப்பு இல்லை. எடுத்ததற்கெல்லாம் பட்டியல், அதாவது ஜாபிதா, எழுதிக் கீழே கோடு போட்டேன். தரையில் களவடி கிடந்தது. களத்து ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் துடைப்பமும் முறமுமாக, நாங்கள் போவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் வரப்பு ஏறியிருக்க வேண்டும். முதுகைத் திருப்பினால் போதும், வேறு ஒன்றுமே செய்ய வேண்டாம்.

மிராசுதாரின் வக்கீல் குமாஸ்தா என் பக்கத்தில் வந்து, "அமீனா, தரையில கெடக்கிறது?" என்றான்.

"அது களவடிங்க" என்றேன்.

"வாரண்டுல முழுவதும்னு இருக்கு. களவடி தவிரன்னு எங்க இருக்கு, காட்டுங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஒங்க ஆளுங்கன்னு விட்டுட்டுப் போறீங்களோ? பெட்டிஷன் ஒண்ணு போட்டா தாங்குவீங்களா?"

ஒங்க ஆளுங்க. அந்த இரண்டு வார்த்தைதான் என்னைச் சாய்த்தது. நான் பண்ணையாள் மகன் என்பதை மறக்கடிக்க எட்டு வருடமாக வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுப் போட்டு உடுத்திக்கொண்டிருந்தேன். இவன் ஒரு நொடியில் அதைக் கிழித்துவிட்டான். நான் கூலியாட்களைப் பார்த்து, "கூட்டுங்கடா" என்றேன். ஆறு பேரில் ஒருத்தன்கூட அசையவில்லை. வெளியூர்க்காரன் என்றாலும் களத்துக்காரன்தானே. லாரிக்கார பாய் இறங்கி வந்து, "அமீனா சார், அது மண்ணோட கெடக்கு சார். விட்டுடுங்க. நான் வண்டிய எடுக்கிறேன்" என்று என் கையைப் பிடித்தார். அவர் கையை உதறினேன். களத்து ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணின் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கினேன். குனிந்து நானே கூட்ட ஆரம்பித்தேன்.

என் அம்மா எப்படிக் கூட்டுவாளோ அப்படியே கூட்டினேன். ஓரத்திலிருந்து நடுவுக்கு. கைக்கு அது தெரிந்திருந்தது.

துடைப்பத்தைப் பறிகொடுத்தவள் பெயர் வீரம்மா. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். "ஐயா, அது எங்களுதுங்க" என்றாள். நான் நிமிரவில்லை. "ஐயா, புள்ள பசியில கெடக்குங்க. முப்பது நாளு அறுத்திருக்கோம்ங்க." நான் கூட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குவியல் சேர்ந்தது, ஒரு மூட்டை தேறும். சட்டென்று அவள் ஓடி வந்து அந்தக் குவியல் மேல் குப்புற விழுந்தாள். இரண்டு கையையும் விரித்து மண்ணோடு சேர்த்து நெல்லை அணைத்துக்கொண்டாள். "நீயும் களத்துல பொறந்தவன்தானே! ஒன் மூஞ்சியிலேயே தெரியிதே!" என்று கத்தினாள். நாசர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அவன் விடாமல் பிடித்திருக்க வேண்டும், நாம் எடுக்க வேண்டும். நான் அவள் வலது கையைப் பிடித்தேன். பின்பக்கமாக முறுக்கினேன். முழங்கையில் விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்தான் இருக்கும். அவள் புருஷன் காத்தான் கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்தான். கையில் கருக்கரிவாள் இருந்தது, அறுப்புக்கு வந்தவன் கையில் வேறென்ன இருக்கும். என் தோளில் இறங்கியது. நான் நெல்லின் மேலேயே விழுந்தேன், அவள் பக்கத்தில். கான்ஸ்டபிள்களின் லத்தி காத்தானின் மண்டையில் விழுந்தது. மிராசுதாரின் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று தெரியாது, மூங்கில் கழிகளோடு வந்து இறங்கினார்கள். விழுந்தவனை அடித்தார்கள். அவன் முகத்தை மறைத்துக்கொண்ட கையின் மேல் அடித்தார்கள், கை விழுந்ததும் முகத்தில் அடித்தார்கள். அவன் இடது கண் அங்கேயே போய்விட்டது. களம் முழுக்கப் பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். என் ரத்தமும் அவன் ரத்தமும் வடிந்து களவடியில் ஊறியது. இவ்வளவுக்கும் நடுவில் குமாஸ்தா, "மூட்டை புடிங்க, மூட்டை புடிங்க" என்று கத்திக்கொண்டே இருந்தான். பிடித்தார்கள். ரத்தத்தோடும் மண்ணோடும் அந்த ஒரு மூட்டையும் லாரியில் ஏறியது. என்னை அந்த மூட்டைகள் மேல்தான் படுக்க வைத்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாய் என்னை இறக்கிவிட்டுப் போகும்போது, "கூட்டியிருக்க வேணாம் சார்" என்றார்.

கூட்டியது தப்பு, கையை முறுக்கியது பெரிய தப்பு. ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய தப்பை நான் கஞ்சி போட்ட சட்டையோடு, தோளில் கட்டோடு, கோர்ட்டுக் கூண்டில் நின்று செய்தேன். காத்தான் மேல் வழக்கு நடந்தது. நான்தான் முதல் சாட்சி. சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன்: ஜாபிதா எழுதி முடித்துப் புறப்படுகிற நேரத்தில், கோர்ட் கைப்பற்றிய நெல்லைப் பறித்துக்கொண்டு போக எதிரி அரிவாளோடு வந்தான், தடுத்த என்னை வெட்டினான். வீரம்மா? ஓட்டத்தில் தடுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். களவடி என்ற சொல்லே என் சாட்சியத்தில் இல்லை. பறித்தவன் நான். பறிக்க வந்தவன் என்று அவனைச் சொன்னேன். ஒற்றைக் கண்ணோடு எதிரே நின்ற காத்தான் என்னைத் திட்டவில்லை. நான் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறேன் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடம் போட்டார்கள். கொள்ளைக்காரன் என்று எழுதி உள்ளே அனுப்பினார்கள்.

அந்தச் சிவில் வழக்கு என்ன ஆயிற்று என்று உனக்குக் கேட்கத் தோன்றும். ஐந்து வருடம் இழுத்து, மிராசுதாரும் குத்தகைக்காரரும் ராஜியாகிப் போனார்கள். ஆளுக்குப் பாதி நிலம். கைகுலுக்கிக்கொண்டு இரண்டு பேரும் கோர்ட் வாசலில் காப்பி குடித்ததை நான் பார்த்தேன். கிட்டங்கியைத் திறக்க என்னைத்தான் அனுப்பினார்கள். நல்ல மூட்டைகளே பாதி எலிக்கும் புழுவுக்கும் போயிருந்தன. களவடி மூட்டை மண்ணும் நெல்லும் இறுகி ஒரே கட்டியாகக் கிடந்தது. இரண்டு தரப்பும் அது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நானே கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டினேன். யாருக்கும் வேண்டாத ஒரு மூட்டைக்காக ஒருத்தியின் கையை ஒடித்தேன், ஒருத்தனின் கண்ணைப் போக்கினேன். உன்னிடம் சொல்லவே நா கூசுகிறது.

இனி உனக்குத் தெரிந்த கதைக்கு வருகிறேன். நீ பிளஸ் டூ முடித்து, சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி நிரப்பி என்னிடம் கையெழுத்துக் கேட்டாய். நான் டீச்சர் டிரெயினிங் போ என்றேன். "ஏன்ப்பா? காரணம் சொல்லுங்க" என்றாய். காரணம் சொல்ல முடியவில்லை. கோர்ட்டுக்குள் போனால் என்றைக்காவது ஒரு நாள் பழைய கட்டு ஒன்றைப் பிரிப்பாய், அதில் என் பெயர் இருக்கும் என்ற பயம்தான் காரணம். நீ அந்தத் தாளை விடவில்லை. என் கை என்னைக் கேட்காமலே நீண்டது. பிடித்து முறுக்கினேன். தாள் என் கைக்கு வந்தது, உன் வலது கைச் சுண்டுவிரல் ஒடிந்தது. நீ கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "கதவிடுக்குல மாட்டிக்கிச்சு சார்" என்றாய். பதினேழு வயதில் எனக்காகப் பொய் சொன்னாய். நான் பக்கத்தில் பேசாமல் நின்றேன். வீரம்மா தடுக்கி விழுந்தாள் என்று நான் சொன்ன அதே மாதிரிப் பொய், அதே மாதிரி மௌனம். வீட்டுக்கு வந்து கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் உன் அம்மாவே பஸ் ஏறிப் போய் வேறு விண்ணப்பம் வாங்கி, என் கையெழுத்தையும் அவளே போட்டு அனுப்பினாள். அந்தக் கள்ளக் கையெழுத்துக்கு நான் அவளுக்குக் கடைசிவரை கடமைப்பட்டவன். இதற்காக நீ அவள் மேல் வழக்குப் போட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்தவன், புதன்கிழமை அந்த ஊருக்குப் போனேன். களம் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. வீரம்மா மகன் வீட்டில் இருக்கிறாள். வாசலில் இடது கையால் விறகைப் பிளந்துகொண்டிருந்தாள். வலது கை முழங்கையில் மடங்கியபடியே நின்றுவிட்டது. நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியிது. அமீனா" என்றாள். காத்தான் ஜெயிலிலிருந்து வந்த பிறகு யாரும் அறுப்புக்குக் கூப்பிடவில்லையாம். களவாணிப்பய என்று களத்து ஓரத்தில்கூட நிற்க விடவில்லையாம். பத்து வருடம் முன்பு செத்துப்போனானாம். நான் என்னென்னவோ பேசினேன். என் மகள் முன்சீப் ஆகப்போகிறாள், அதனால் மனசு கேட்கவில்லை என்று உளறினேன். அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒம் மவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்பறம் எங்கிட்ட எதுக்கு வந்த? எனக்குத்தான் நடந்தது தெரியுமே."

காலில் விழப் போனேன். "அதெல்லாம் வேணாம், எந்திரி" என்று அதட்டினாள். அப்புறம் சொன்னாள்: "அவரு திருட வரலன்னு எழுதிக் குடு. எம் மவன் ஊட்டுல மாட்டி வச்சிக்கிறேன். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

எழுதிக் கொடுத்துவிட்டேன், தங்கம். நடந்தது எல்லாவற்றையும், நான் கூண்டில் சொன்னது பொய் என்பதையும், முழுப் பெயரும் உத்தியோகமும் போட்டு, கையெழுத்து வைத்து, அவள் இடது கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னொரு பிரதியை கோர்ட்டுக்கும் அனுப்பியிருக்கிறேன். பென்ஷனை நிறுத்தலாம், என் மேலேயே வழக்கு வரலாம். முன்சீப்பின் அப்பன் பொய்ச்சாட்சி என்று நீ சேர்ந்த முதல் வாரத்திலேயே பேசலாம். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும் என்று உனக்குக் கோபம் வரும், வரட்டும். கேட்டிருந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் மறுபடி எழுந்து கை கழுவப் போயிருப்பேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எந்தத் தமிழ் வார்த்தையை வேண்டுமானாலும் போடு, கைப்பற்று என்றே போடு. ஆனால் போடும்போது, எதிரே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கை இருக்கிறது என்று நினைத்துக்கொள். அது எப்படிப்பட்ட கை என்று தெரியாமல் அந்த வார்த்தையை எழுதாதே. பாத்திரம், படுக்கை, தாலி இவற்றைத் தொடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்ல மறந்தது ஊருக்கு ஊர் ஒன்று இருக்கும். "முழுவதும்" என்று எழுதுவதற்கு முன்னால், "இன்னது தவிர" என்று ஒரு வரி எழுத இடம் இருக்கிறதா என்று பார். என் கையில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் குமாஸ்தாவிடம் காட்டிவிட்டு வரப்பு ஏறியிருப்பேன். இல்லாவிட்டாலும் ஏறியிருக்க வேண்டும், அது வேறு விஷயம். உன் அமீனா திரும்பி வந்து அறிக்கை கொடுக்கும்போது அவனை உட்காரச் சொல்லி, அங்கே யார் அழுதார்கள் என்று கேள். என்னை யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அம்மா கட்டாயம் வருவாள். நான் வர வேண்டுமா என்பதை நீ சொல். வா என்றால் வருகிறேன், அமீனாக்கள் நிற்கும் வராந்தாவிலேயே நிற்கிறேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க மாட்டேன், அம்மாவை விட்டும் கேட்க மாட்டேன். நீ பேனாவைப் பிடிக்கும் விதம் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடும்போது தாளின் மேல் முதலில் படிவது உன்னுடைய அந்த வளைந்த சுண்டுவிரல்தான்.

உன் விரலை ஒடித்த
அப்பா